ஒரே வெயிலில் காயும் ஒட்டுப் போர்வை: பழம்புடவையில் தொடங்கி மெஷின் தையல் வரை

காவிரி டெல்டாவில் போர்வை தைக்கத் துணியை எடுக்கும்போதே ஒன்றை யோசித்துவிட வேண்டும்: ஐப்பசியில் இதைத் துவைத்தால் எப்போது காயும்? அடைமழைக்கு நடுவே நாலு மணி நேரம் வெயில் எட்டிப் பார்த்தால், அதற்குள் காய்ந்து மடித்து வைக்க வருகிற போர்வைதான் இந்த ஊருக்குச் சரி. குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு இரண்டு விரல் கனத்துக்குப் பஞ்சு வைத்துத் தைத்தால் மார்கழிப் பனியிலும் புழுங்கும். ஒருமுறை நனைந்தால் நாலு நாள் கொடியில் கிடந்து முடைநாற்றம் அடிக்கும். கீழே வரும் அளவு, துணி, தையல் இடைவெளி எல்லாம் இந்தக் கணக்கை வைத்துச் சொல்பவை.

ஒட்டுப் போர்வை என்பது மூன்று அடுக்கு. துண்டுத் துணிகளை இணைத்த மேல் துணி, கனம் கொடுக்கும் நடுத்துணி, முழுதாக இருக்கும் அடித்துணி. இந்த மூன்றையும் ஊடுருவி வரிவரியாகத் தைத்தால் அது போர்வை. துணியை வெட்டி ஒட்டி அழகு செய்வது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. தேரிலும் கோயில் மண்டபத்திலும் தொங்குகிற தொம்பை தஞ்சாவூரில் காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் தொம்பையை யாரும் வாராவாரம் துவைப்பதில்லை. போர்வையைத் துவைப்பார்கள், முறுக்கிப் பிழிவார்கள். அதனால் இதில் பலம் முதலில், அழகு பிறகு.

முதல் பாடம்: ஒரே புடவை, மூன்று மடிப்பு

எடுத்த எடுப்பில் சதுரம் வெட்ட உட்கார வேண்டாம். பழைய நூல் புடவை ஒன்று போதும். ஐந்தரை மீட்டர் புடவை சுமார் 216 இஞ்ச் நீளம், 45 இஞ்ச் அகலம். ஃபால்ஸைப் பிரித்துவிட்டு, விசிறி மடிப்பாக முன்னும் பின்னும் மூன்றாக மடித்தால் 72 இஞ்சுக்கு 45 இஞ்ச் கிடைக்கும். ஒரு ஆள் பாயில் படுத்துப் போர்த்திக்கொள்ள அது போதும். முந்தானை முனையையும் உள்முனையையும் அரை இஞ்ச் உள்ளே மடித்து ஓரத்தை ஓட்டிவிட்டு, நீளவாக்கில் மூன்று இஞ்சுக்கு ஒரு கோடாக 14 கோடு தையுங்கள். ஜரிகைக் கரை உள்ள புடவை இதற்கு வேண்டாம். மூன்று கரை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓரம் பலகை மாதிரி ஆகிவிடும்.

இந்த ஒன்றைத் தைத்து முடித்தால் நேர்கோட்டில் தைப்பது, பெரிய துணியை மெஷினில் திருப்புவது, அடுக்கு நகர்வது எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். கோணலாக வந்தாலும் நஷ்டமில்லை, அடுப்படித் திண்ணைக்கு விரிப்பாகும்.

துணி பார்த்து எடுப்பது

இனி முழுப் போர்வை. அளவு 60 இஞ்சுக்கு 90 இஞ்ச், அதாவது ஐந்தடிக்கு ஏழரையடி. வளர்ந்த ஆள் ஒருவருக்கு இது தாராளம். தேவையானவை: மேல் துணிக்கு நாலு நூல் புடவை, நடுவுக்கு ஒரு புடவை, அடிக்கு ஓர் எட்டு முழ வேட்டி, ஓரப்பட்டிக்கு மட்டும் முக்கால் மீட்டர் புதுப் பாப்ளின். நூல் 300 மீட்டருக்கு மேல் போகும், 500 மீட்டராக வாங்கிக்கொள்ளுங்கள். பிளவுஸ் தைக்கிற அதே பாலியஸ்டர் நூல் போதும். எம்ப்ராய்டரிக்கான மினுமினுப்பு நூல் கூடாது, இழுவைக்கு அறுந்துவிடும்.

புடவையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கொசுவம் வரும் இடமும் உட்காருமிடமும் மெலிந்து வலை மாதிரி தெரியும், அவற்றை ஒதுக்கிவிடுங்கள். உள்முனைப் பக்கமும் தோள் பக்கமும் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். சந்தேகமான இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் ஒட்டி வைத்து வெடுக்கென்று இழுங்கள். ‘சர்’ என்று விட்டால் அந்தத் துணி நடுவுக்குக்கூட ஆகாது.

நூலா பாலியஸ்டரா என்று சந்தேகம் இருந்தால் நாலைந்து இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். நூல் காகிதம் மாதிரி எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியபின் கடுகு மாதிரி இறுகும். பட்டில் முடி கருகும் வாடை வரும். நூலையும் பாலியஸ்டரையும் ஒரே போர்வையில் கலக்க வேண்டாம். நூலுக்கு வேண்டிய சூட்டில் இஸ்திரிப்பெட்டியை வைத்தால் பாலியஸ்டர் பொசுங்கும். இரண்டும் ஒரே மாதிரி சுருங்குவதும் இல்லை. டெய்லர் கடையில் கிடைக்கும் துண்டுத் துணியில் இந்தக் கலப்பு அதிகம், மூட்டையாக வாங்கி வந்தால் முதலில் பிரித்துப் போடுங்கள். கூறைநாட்டுப் புடவை பட்டும் பருத்தியும் கலந்தது. கல்யாணக் கூறையை வெட்டச் சொல்லி யாராவது கொண்டுவந்தால், துவைக்கிற போர்வையில் சேர்க்காமல் சுவரில் மாட்டும் துணியாகச் செய்து கொடுப்பது நல்லது.

அடுத்தது சாயம். சிவப்பு, அரக்கு, கருநீலம் மூன்றையும் நம்பவே கூடாது. நனைத்த வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அது சாயம் விடும் துணி. கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். ஏற்கெனவே சாயம் ஏறிய துணியில் உப்பு எதையும் பிடித்து நிறுத்தாது. மிச்சச் சாயம் வெளியேறும்வரை தனியாக அலசுவதுதான் வழி. நாலு அலசலுக்கும் தண்ணீர் தெளியவில்லை என்றால் அந்தப் புடவையை விட்டுவிடுங்கள். வேட்டியின் வெள்ளையில் ஒரு சிவப்புத் திட்டு விழுந்தால் பிறகு எதுவும் செய்ய முடியாது.

புதுத் துணி எதுவானாலும், காடாவோ பாப்ளினோ, ஒருமுறை நனைத்துக் காயவைத்தபின்தான் கத்தரி. பழசு சுருங்கி முடித்த துணி, புதுசு இனிமேல்தான் சுருங்கும். நனைக்காமல் சேர்த்தால் முதல் துவைப்பில் ஓரம் சுருண்டுகொள்ளும்.

பழந்துணி தொளதொளவென்று இருக்கும், அளவு நிற்காது. இதற்குக் கஞ்சிதான் மருந்து. வடிகஞ்சி ஒரு டம்ளருக்குத் தண்ணீர் நாலு டம்ளர் கலந்து, வடிகட்டி, நனைத்து, நிழலில் காயவைத்து, அரை ஈரத்திலேயே இஸ்திரி போட்டால் துணி காகிதம் மாதிரி நிற்கும். ஒன்று மட்டும்: கஞ்சித் துணியை மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. கரப்பானும் எலியும் தேடி வரும். தைத்து முடித்த உடனே அலசிவிட வேண்டும்.

நடுவில் என்ன வைப்பது

புதிதாகத் தைக்க வருபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

வீட்டில் இருக்கிறதே என்று இலவம் பஞ்சை எடுப்பார்கள். தலையணைக்கு அது அருமை. அந்த இழை வழவழவென்று இருக்கும், ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது, தகடாக நிற்காது. இரண்டு துவைப்பில் மூலைக்கு ஓடி உருண்டையாகிவிடும். மெத்தைப் பஞ்சும் அப்படியே, கொட்டிய பஞ்சு எதுவும் போர்வைக்கு ஆகாது. ஃபோம் ஷீட் காற்றை விடாது, மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டோடு ஒட்டிக்கொண்டு நகரவும் மறுக்கும்.

கடையில் பாலியஸ்டர் ஃபைபர் ஷீட் கிடைக்கிறது. அது சுருங்காது, சீக்கிரம் காயும், கனமில்லை. வாங்குவதானால் 100 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 100 கிராம்) போதும், 200க்குப் போக வேண்டாம். குறை என்னவென்றால் வியர்வையை உறிஞ்சாது. மின்விசிறி நின்ற இரவில் ஒட்டிக்கொள்ளும்.

நம் ஊருக்கு நடுத்துணி பழம்புடவைதான். கொஞ்சம் கூடக் கதகதப்பு வேண்டும் என்றால், வயதானவர்களுக்குத் தைக்கும்போது, நைந்த ஃப்ளானல் துணியோ பழைய பருத்திப் படுக்கை விரிப்போ வைக்கலாம். இரண்டு புடவையை நடுவில் வைக்கலாமா என்றால், வைக்கலாம். ஆனால் காயும் நேரமும் கூடும்.

216 இஞ்ச் புடவையில் 94 இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டு வரும். பக்கம் பக்கமாக வைத்து இணைத்து, 64 இஞ்ச் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இணைக்கும்போது சாதாரணத் தையல் போட்டால் நடுவே கயிறு மாதிரி மேடு தெரியும். ஒன்றன்மேல் ஒன்று அரை இஞ்ச் ஏற்றி, தட்டையாக இரண்டு வரி ஓட்டிவிடுங்கள்.

அடித்துணிக்கு எட்டு முழ வேட்டி அளவெடுத்தாற்போல் பொருந்தும். 144 இஞ்ச் நீளம், சுமார் 50 இஞ்ச் அகலம். நீளத்தில் பாதியாகக் குறுக்கே கிழித்தால் 72 இஞ்சில் இரண்டு துண்டு. அவற்றின் கரைப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்தால் 72க்குச் சுமார் 100. போர்வைக்கு நாலு பக்கமும் குறைந்தது மூன்று நாலு இஞ்ச் கூடுதலாக நிற்கும், அந்த மிச்சம் கட்டாயம் வேண்டும். இணைக்கும் இடத்தில் கரையை வெட்டி எடுத்துவிட்டுத் தையுங்கள். கரை நெசவு இறுக்கமானது, அப்படியே விட்டால் துவைக்கத் துவைக்க அந்த இடம் மட்டும் சுருக்கம் பிடிக்கும்.

மெஷினைத் தயார் செய்வது

மிதி மெஷின் போதும். இந்த வேலைக்கு அதுவே மேல் என்றும் சொல்லலாம், வேகம் காலடியில் இருக்கிறது, கரண்ட் போனாலும் நிற்காது. மோட்டார் வைத்ததானால் மெதுவாக ஓட்டப் பழகிக்கொள்ளுங்கள்.

ஊசி: துண்டு இணைக்க 14ஆம் எண், மூன்றடுக்கு தைக்க 16ஆம் எண். ஒரு போர்வைக்கு ஒரு புது ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். முனை மழுங்கிய ஊசி பழந்துணியில் இழையை இழுத்துவிடும், ‘டப் டப்’ என்று சத்தம் கேட்கும். ஊசியில் நீளக் காடி இருக்கும் பக்கமே நூல் நுழையும் பக்கம். திருப்பிப் போட்டால் தையல் விட்டு விட்டு விழும்.

தையல் நீளம்: இணைக்கும்போது இஞ்சுக்கு 12, போர்வைத் தையலுக்கு இஞ்சுக்கு 8. ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கத் தலைமேல் இருக்கும் திருகை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்துங்கள். இதைப் பலரும் தொடுவதே இல்லை. பிளவுஸுக்கு இறுக்கி வைத்த அழுத்தத்திலேயே மூன்றடுக்கைத் தைத்தால், கீழே துணியை நகர்த்தும் பல் அடித்துணியை இழுக்கும், மேலே ஃபுட் மேல் துணியைத் தள்ளும், கோட்டின் முடிவில் ஒரு விரல் அளவு மேல் துணி மடிந்து நிற்கும். வாக்கிங் ஃபுட் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். மேலடுக்கையும் கூடவே நடத்திச் செல்லும், முதல் போர்வையிலேயே வித்தியாசம் தெரியும். உங்கள் மெஷினின் ஃபுட் கம்பி உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று பழைய ஃபுட்டைக் கையில் கொண்டுபோய்ப் பார்த்து வாங்குவது நல்லது.

பல்லைத் திறந்து பஞ்சுத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டு, கழிவுத் துணியில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் வேட்டியில் எண்ணெய்ப் பொட்டு விழும்.

வெட்டும் அளவும்

சதுரம் ஆறரை இஞ்ச். நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குப் போக ஆறு இஞ்ச் நிற்கும். அகலத்தில் 10, நீளத்தில் 15, மொத்தம் 150 சதுரம்.

புடவையின் 45 இஞ்ச் அகலத்தில் இரு பக்கமும் மூன்று மூன்று இஞ்ச் கரையை விட்டால் மீதி 39. அதில் ஆறு சதுரம் கச்சிதமாக வரும். ஒரு புடவைக்கு ஏழு வரிசை வெட்டினால் 46 இஞ்ச் நீளம் செலவு, 42 சதுரம் வரவு. நாலு புடவைக்கு 168. மிச்சம் 18 சதுரத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

அச்சுக்குக் காலண்டர் அட்டையை எடுக்காதீர்கள். முப்பது சதுரம் வரைவதற்குள் ஓரம் தேய்ந்து அளவு மாறிவிடும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஆறரை இஞ்ச் சதுரமாக வெட்டி, நடுவில் மேலும் கீழுமாக ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். துணியின் இழையோடு அந்தக் கோடு ஒன்ற வேண்டும். இழை சாய்ந்து வெட்டிய சதுரம் கையில் எடுத்தாலே இழுபடும், தைத்தபின் சாய்சதுரம் ஆகும். சாக்பீஸை விட நன்றாகக் கூர் சீவிய பென்சில் மேல். சாக்கின் கோடே அரை நூல் தடிமன் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு).

அரை நூல் என்ன பெரிசு என்று தோன்றும். ஒரு தையலில் இரண்டு பக்கமும் அரை அரை நூல் கூடுதலாக உள்ளே போனால் ஒரு நூல் போயிற்று. அகலத்தில் ஒன்பது தையல், ஒன்பது நூல், ஒரு இஞ்சுக்கு மேல். அடுத்த வரிசையை வேறொரு நாள் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எங்கே சேரும்?

அதனால் கால் இஞ்சை மெஷினிலேயே குறித்துவிடுங்கள். ஃபுட்டின் ஓரத்தைப் பார்த்துத் தைத்தால் பெரும்பாலும் தப்பும். ஊசியை மெதுவாகக் கீழே இறக்கி, அதன் வலப் பக்கம் கால் இஞ்ச் டேப்பால் அளந்து, ஊசித்தகட்டில் பிளாஸ்திரியை நாலு மடிப்பாக ஒட்டுங்கள். துணியின் ஓரம் அந்த மேட்டில் உரசிக்கொண்டே போகும். சோதனை இது: இரண்டரை இஞ்ச் அகலத் துண்டு மூன்றைப் பக்கம் பக்கமாகத் தைத்து இஸ்திரி போட்டு, நடுத்துண்டை அளக்க வேண்டும். சரியாக இரண்டு இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் பிளாஸ்திரியை ஊசிப் பக்கம் நகர்த்துங்கள், கூடினால் தள்ளி ஒட்டுங்கள்.

இணைப்பது

150 சதுரத்தையும் கூடத்தில் பரப்பிப் பாருங்கள். ஒரே புடவை பக்கத்தில் பக்கத்தில் விழாமலும், அடர்நிறமெல்லாம் ஒரு மூலையில் சேராமலும் மாற்றி வையுங்கள். திருப்தியானதும் செல்போனில் ஒரு படம். ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக அடுக்கி, 1 முதல் 15 வரை சீட்டெழுதி ஊக்கு குத்தி வையுங்கள். படமெடுக்காமல் வாரினால் மறுபடி பரப்பும்போது அரை நாள் போய்விடும்.

வரிசை வரிசையாகத் தைத்தபின் தையல் மடிப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். ஒற்றைப்படை வரிசைகளில் வலப்பக்கம், இரட்டைப்படை வரிசைகளில் இடப்பக்கம். இரண்டு வரிசையை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டாற்போல் இறங்கி உட்காரும், விரலால் தடவினாலே தெரியும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி. நாலு மூலையும் ஒரே புள்ளியில் சேருவதன் ரகசியம் இவ்வளவுதான். இஸ்திரிப்பெட்டியை எடுத்து எடுத்து வையுங்கள், இழுக்காதீர்கள். இழுத்தால் வரிசை வில்லாக வளையும்.

மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது

போர்வை கெட்டுப்போவது தையலில் என்று நினைப்பார்கள். உண்மையில் பாதிக்கு மேல் இங்கேயே கெடுகிறது.

தரையை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். வேட்டியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, நாலு பக்கமும் அகல டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், முறுக்காக இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி உள்வாங்கி, அடியெல்லாம் சுருக்கமாகும். அதன்மேல் நடுத்துணி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவிவிட வேண்டும். அதன்மேல் மேல் துணி, நல்ல பக்கம் உங்களைப் பார்த்து.

இனி ஊக்கு. உள்ளங்கையை விரித்து எங்கே வைத்தாலும் ஒரு ஊக்காவது கையில் தட்டுப்பட வேண்டும், அதாவது நாலைந்து இஞ்சுக்கு ஒன்று. இந்த அளவுக்கு இருநூறுக்கு மேல் வேண்டும். தையல் கோடு வரும் இடத்தைத் தவிர்த்துக் குத்துங்கள். நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் மிச்சத் துணி நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். அவ்வளவு ஊக்கு வாங்க மனமில்லையென்றால் வெள்ளை நூலில் நாலு இஞ்சுக்கு ஒரு வரியாகப் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போடலாம். நேரம் பிடிக்கும், ஆனால் துருக்கறை பயமில்லை. மழைக்காலத்தில் ஊக்கு குத்திய துணியை வாரக்கணக்கில் வைத்தால் ஒவ்வொரு ஊக்கடியிலும் ஒரு துருப்பொட்டு இருக்கும், அது போகாது. தைக்க நாள் இருக்கும்போது மட்டும் குத்துங்கள்.

டேப்பை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் மெஷினுக்குப் போகாதீர்கள்.

போர்வைத் தையல்

இரண்டு பக்கத்தையும் நடுவை நோக்கிச் சுருட்டுங்கள், பாய் சுருட்டுவது மாதிரி. மெஷின் கழுத்துக்குள் போவது வலப்பக்கச் சுருள் மட்டும், முப்பது இஞ்ச் துணி. நூல் துணி என்பதால் அடங்கிவிடும்; கனமான பஞ்சு வைத்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். இடது பக்கமும் பின்பக்கமும் ஒரு பெஞ்சோ கட்டிலோ மெஷின் உயரத்துக்கு வேண்டும். போர்வை கீழே தொங்கினால் அதன் பாரம் ஊசியை இழுக்கும், தையல் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் நீண்டும் விழும், ஊசியும் முறியும்.

முதல் கோடு நீளவாக்கில் நட்டநடுவில், அகலத்தில் ஐந்தாம் ஆறாம் சதுரத்துக்கு இடையே. தையல் பள்ளத்திலேயே ஊசியை ஓட்டப் பார்க்காதீர்கள். பழகாத கைக்கு அது விலகி விலகி ஏறும், கண்ணுக்கும் அசிங்கம். பள்ளத்துக்குக் கால் இஞ்ச் தள்ளி ஓட்டினால் நேராக இருக்கிறதா என்று யாரும் அளக்க மாட்டார்கள். இரண்டாவது கோடு குறுக்கே, நடுவில். இந்தச் சிலுவை விழுந்துவிட்டால் போர்வை அசையாது. பிறகு நடுவிலிருந்து வலப்பக்கம், முடித்துத் திருப்பி மறுபாதி. நீளவாக்கில் ஒவ்வொரு இணைப்பின் ஓரத்திலும் ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலுமாக 19 கோடு, மூன்று இஞ்ச் இடைவெளி. குறுக்கே இணைப்பு ஓரத்தில் மட்டும் 14 கோடு, ஆறு இஞ்ச் இடைவெளி. இதற்குமேல் நெருக்கினால் போர்வை விறைத்துப்போகும், நெகிழ்ந்து உடம்போடு ஒட்டாது. இதைவிட அகலமாக விட்டால், பிழியும்போது உள்ளே நடுத்துணி கசங்கிச் சுருண்டுவிடும்.

ஒரு பாதிக்குள் கோடுகளை எப்போதும் ஒரே முனையிலிருந்து தொடங்குங்கள். ஒன்றை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் தைத்தால் இரண்டு கோட்டுக்கு நடுவே துணி சாய்ந்து அலைஅலையாக முறுக்கிக்கொள்ளும். பாபின் நாலைந்தை முன்கூட்டியே சுற்றி வைத்துக்கொண்டால் கோட்டின் நடுவில் எழ வேண்டியதில்லை.

தைக்கும்போது வரும் கோளாறுகளுக்குக் காரணம் பெரும்பாலும் சின்னது. அடியில் நூல் கொத்தாகத் திரண்டால் பாபினைத் திட்டாதீர்கள், மேல் நூல் டென்ஷன் தட்டுக்குள் சரியாக இறங்கவில்லை. ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலை மறுபடி கோத்தால் சரியாகும். மேலே பாபின் நூல் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் இறுக்கம், அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். அடியில் மேல் நூல் புள்ளியாகத் தெரிந்தால் அதற்கு எதிர். சோதனையை எப்போதும் அதே மூன்று துணியின் கழிவுத் துண்டில் பாருங்கள், ஒற்றைத் துணியில் பார்த்தது மூன்றடுக்கில் செல்லாது. கோட்டின் நடுவே ஒரு மடிப்பு விழுந்துவிட்டால் அதைத் தாண்டி இரண்டு பக்கமும் மூன்று இஞ்ச் பிரித்து, நீவி, மறுபடி தையுங்கள். மேலே இருக்கிற மடிப்பு துவைத்தால் போய்விடும் என்பது ஆசை.

பூவும் கொடியும் வளைத்து வளைத்துத் தைக்கப் பல் இறங்கிய மெஷின் வேண்டும், கையும் காலும் ஒரே தாளத்தில் போக வேண்டும். மூன்றாவது போர்வைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

ஓரப்பட்டி

நைவது ஓரம்தான் முதலில், அதற்குத்தான் புதுத் துணி. நனைத்துக் காய்ந்த பாப்ளினைக் குறுக்கே இரண்டரை இஞ்ச் பட்டிகளாக வெட்டிச் சாய்வாக ஒட்டி நீட்டுங்கள். சுற்றளவு 300 இஞ்ச், மூலைக்கும் முடிச்சுக்கும் சேர்த்து 315 வேண்டும். 45 இஞ்ச் அகலத் துணியில் எட்டுப் பட்டி, 36 இஞ்ச் என்றால் பத்து. நேரான ஓரத்துக்கு இழை சாய்த்து வெட்டிய பட்டி தேவையில்லை.

போர்வையின் ஓரத்தைச் சுற்றி முதலில் ஒரு வரி ஓட்டி, மிச்சத்தை நேராக வெட்டிவிடுங்கள். பட்டியை இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, திறந்த பக்கம் போர்வை ஓரத்தோடு ஒன்ற, மேல்புறம் வைத்துத் தையுங்கள். மூலைக்குக் கால் இஞ்ச் முன்னால் நிறுத்தி, நூலை வெட்டி, பட்டியை நேர் மேலே தூக்கி, அப்படியே கீழே மடக்கி, அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். ஓரம் வரை தைத்துவிட்டால் மூலை மொண்ணையாகும். பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங். மெஷினிலும் ஓட்டலாம், ஆஸ்பத்திரிக்கும் விடுதிக்கும் போகிற போர்வைக்கு மெஷின் தையலே பலம்.

கொடுக்கும்போது

முதலில் கஞ்சி போக வெந்நீரில்லாமல் அலசி, இரண்டு கொடியில் பாலம் மாதிரி விரித்துக் காயவையுங்கள். ஒற்றைக் கொடியில் போட்டால் மடிப்புக்குள் ஈரம் நிற்கும், அங்கேதான் பூஞ்சைப் புள்ளி வரும். எத்தனை மணி நேரத்தில் காய்ந்தது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த போர்வைக்கு நடுத்துணி தீர்மானிக்க அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணி என்பது ஊர் வழக்கம், அதனால் பிள்ளை பெற்ற வீட்டில் புடவைப் போர்வையைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். 36க்கு 42, அதாவது ஆறுக்கு ஏழு சதுரம் போதும். அதைக் கீழே விரித்துக் கிடத்தத்தான் கொடுக்கிறோம் என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளை தூங்கும்போது போர்த்திவிட்டால் முகத்தில் ஏறி மூச்சு முட்டக்கூடும். பட்டன், மணி, ஜரிகை எதுவும் அதில் வேண்டாம். எடுத்து வைக்க வசம்பு போதும், குழந்தைத் துணியில் அந்துருண்டை கூடவே கூடாது.

காலமானவர்களின் புடவையை வெட்டும் முன் அந்த வீட்டாரைக் கேளுங்கள். சிலருக்கு அது ஆறுதல், சிலர் தொடவே மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் கொடுக்கும்போது மூலையில் ஒரு துளி மஞ்சள் வைத்துக் கொடுத்தால் பழந்துணி என்ற எண்ணம் வராது.

முதியோர் இல்லத்துக்கும் விடுதிக்கும் தைப்பதானால் கட்டில் அளவை முன்பே கேட்டுவிடுங்கள். அங்கே துவைப்பு முரடாக இருக்கும், அடர்நிறமும் மெஷின் ஓரமும் நல்லது. புயல் மழைக்கு என்று தைத்து வைப்பவர்கள் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாளில் கனத்த மெத்தைப் போர்வை ஒருமுறை நனைந்தால் அதைக் காயவைக்க வழியில்லை. மெல்லிசாக மூன்றடுக்கு இருந்தால் இரண்டு பேர் பிடித்து முறுக்கி, கூரைக்கடியில் கட்டிய கயிற்றிலேயே உலர்த்திவிடலாம். தனித்தனியாகப் பிளாஸ்டிக் பையில் காற்றை அழுத்திக் கட்டி, மேலே அளவை எழுதி வையுங்கள்.

மிச்சமான 18 சதுரத்தில் இரண்டையும், கையகலம் வேட்டித் துணியையும், ஓரப்பட்டியில் ஒரு முழத்தையும் சுருட்டிப் போர்வையோடு சேர்த்துக் கொடுங்கள். கிழிந்தால் அதன்மேல் வைத்துத் தைக்க அதே துணி வேறெங்கும் கிடைக்காது.